எனக்கு இடப்பக்கம் இல்லாமல் போன காலம்

எனக்குப் பாரிசவாதம் வந்த நேரம், மீனாணத்தில் புளி போதவில்லை என்று மனைவியோடு சண்டை பிடித்துக்கொண்டிருந்தேன். பாதிச் சண்டையில் வாய் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு போனது. நான் பழிப்புக் காட்டுகிறேன் என்று அவள் நினைத்துவிட்டாள். "இந்த வயசில என்ன பழிப்பு வேண்டிக் கிடக்கு" என்று அகப்பையோடு திரும்பியவள், நான் கதிரையிலிருந்து சரிவதைக் கண்ட பிறகுதான் அல்லாஹ்வைக் கூப்பிட்டாள். புளி விசயம் இன்றுவரை தீரவில்லை.

ஆஸ்பத்திரியில் கண் விழித்தபோது கட்டிலைச் சுற்றி ஆட்கள் நின்றார்கள். டொக்டர் ஒரு சின்னப் பிள்ளை, என் மகளின் வயதுதான் இருக்கும். யார் யார் நிற்கிறார்கள் என்று சொல்லச் சொன்னார். மச்சானைச் சொன்னேன், மகளைச் சொன்னேன், ஊசியோடு நின்ற மிஸ்ஸையும் சொன்னேன். "உங்கட மனைவி எங்க?" என்று கேட்டார். "அவ வீட்டுக்குப் போயிட்டா" என்றேன், கொஞ்சம் மனத்தாங்கலோடு. அவள் என் இடப்பக்கத்தில், என் இடக்கையைப் பிடித்தபடி நின்றிருக்கிறாள்.

"ரெண்டு நாளாக் கண் மூடாம நிக்கிறன். வீட்டுக்குப் போயிட்டாளாம்!" என்று அவள் அழத் தொடங்கிய சத்தத்தில்தான் எனக்கு அவள் கிடைத்தாள்.

டொக்டர் பொறுமையாக விளக்கினார். கண்ணில் பிழை இல்லை. இடப்பக்கம் என்று ஒன்று இருப்பதை மூளை எடுக்கவில்லை. கையும் காலும் பயிற்சியில் திரும்பும், இதுவும் மெல்ல மெல்லத் திரும்பலாம், திரும்பாமலும் இருக்கலாம். தான் பார்த்துச் சொல்லும்வரை வாகனம் ஓட்டக்கூடாது. நான் ஓம் ஓம் என்று தலையாட்டினேன். உள்ளுக்குள் ஒரு சொல்லையும் நம்பவில்லை. எனக்கு எதுவும் குறைந்ததாகத் தெரியவில்லையே. சுவரில் பாதி இடிந்து விழுந்தால் ஓட்டை தெரியும். எனக்கு ஓட்டையும் தெரியவில்லை, சுவர் முழுதாகத்தான் நின்றது.

நான் பள்ளிக்கூட வேன் ஓட்டினவன். சாய்ந்தமருதில் விடியக் காலையில் ஹோர்ன் சத்தம் கேட்டு எழும்பிய பிள்ளைகளில் பாதிப் பேர் என்னைத் திட்டிக்கொண்டுதான் எழும்பியிருப்பார்கள். இருபது வருசத்துக்கு மேல் ஓட்டி வேனில் ஒரு கீறல் இல்லை. நான் விழுந்த பிறகு மச்சான், அதாவது மனைவியின் தம்பி, வேனை எடுத்தான். "நீங்க சுகமாகிற வரைக்கும்தான் மச்சான்" என்று சொல்லித்தான் திறப்புக் கொத்தை வாங்கினான். எனக்கு வேண்டியிருந்தது அந்தத் திறப்பு ஒன்றுதான். சில மாதப் பயிற்சியில் காலும் கையும் திரும்பி வந்தது அதற்காகத்தான் என்று நினைத்தேன்.

எங்கள் கரையில் கலியாணம் முடித்த ஆண் பெண்சாதி வீட்டில்தான் குடியிருப்பான். வீடு அவளுடையது, வளவு அவளுடையது, சுற்றியிருக்கும் வீடுகள் அவளுடைய ராத்தாமாருடையவை, அதாவது மூத்த சகோதரிமாருடையவை. இந்த ஏற்பாட்டில் ஒரு சூட்சுமம் இருக்கிறது: ஆண் பகலில் வெளியே போய்விட வேண்டும். நான் இத்தனை வருசமும் விடிய வெளிக்கிட்டு, பின்னேரம் வந்து சேர்ந்தவன். பகலில் அந்த வளவு யாருடையது என்று அதுவரை எனக்குத் தெரியாது. பத்து மணிக்கு ராத்தாமார் எல்லோரும் எங்கள் குசினிக்கு வருவார்கள். நான் விறாந்தையில் இருப்பதைக் கண்டதும் கதை நின்றுவிடும். மூத்த ராத்தா ஒருநாள் என் மனைவியிடம், எனக்குக் கேட்கும்படியாகவே, "இவர் எப்பயாம் வேலைக்குப் போற?" என்று கேட்டா. என் சுகத்துக்கு அந்த வீட்டில் மிகவும் அவசரப்பட்டவ அவதான்.

இடப்பக்கம் தன் பாட்டுக்குச் சேட்டை விட்டுக்கொண்டிருந்தது. சோற்றுக் கோப்பையில் வலப் பாதியைத் தின்றுவிட்டு, "மீன் வைக்கல்லயா?" என்று கேட்பேன். மனைவி கோப்பையை அரைவட்டம் திருப்பி வைப்பாள். மீன் வரும். முதல் தடவை அவள் ஒளித்து வைத்து விளையாடுகிறாள் என்று கோபித்தேன். பிறகு பழகிவிட்டது. ஒரே கோப்பையில் இரண்டு தரம் சாப்பிடுகிற பாக்கியம் எல்லோருக்கும் கிடைக்காது.

ஒரு வெள்ளிக்கிழமை தாடியை நானே கத்தரித்துக்கொண்டு ஜும்ஆவுக்குப் போனேன். வலப்பக்கம் ஒட்ட வெட்டி, இடப்பக்கம் காடாகவே விட்டிருக்கிறேன். கண்ணாடியில் எல்லாம் சரியாகத்தான் இருந்தது. எங்கள் ஊரில் தாடியின் நீளத்தைப் பார்த்தே ஆள் எந்தக் கூட்டம் என்று சொல்லிவிடுவார்கள். பள்ளி வாசலில் இரண்டு பேர் என்னை மேலும் கீழும் பார்த்தார்கள். ஒருவர் மற்றவரிடம் மெதுவாக, "இது எந்த ஜமாஅத்? புதுசா வந்திருக்கா?" என்று கேட்டார்.

அதோடு முடிந்திருந்தால் நல்லது. கதிரையில் இருந்து தொழுதேன். தொழுகை முடிய இரண்டு பக்கமும் திரும்பி ஸலாம் சொல்ல வேண்டும், நான் வலப்பக்கம் திரும்பிச் சொன்னேன். அதோடு எழும்பிவிட்டேன். இடப்பக்கம் ஒன்று இருந்தால்தானே அங்கே ஸலாம் சொல்ல? அந்த இடப்பக்கத்தில் இருந்தவரோ எங்கள் அடுத்த வளவுக்காரர். அவருக்கும் எனக்கும் வேலிக் கதியால் நட்ட விசயத்தில் பழைய கசப்பு உண்டு. அன்று அஸர் தொழுகைக்குப் பிறகு பள்ளி நிருவாகத்து மரைக்காரையும் கூட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டார்.

"என்னோட கோபமெண்டா வேலியில வச்சிக்கிங்க. தொழுகையிலயும் என்ட பக்கத்து ஸலாம வெட்டுற எந்த ஊர் மார்க்கம்?"

மனைவி ஓடிவந்து நோயை விளக்கினாள். அவர் நம்பவில்லை. மெல்ல எழும்பி என் இடப்பக்கத்துக்கு வந்து நின்றுகொண்டார். நான் மரைக்காரைப் பார்த்து, "எங்க இவர், கோவிச்சிக்கிட்டுப் போயிட்டாரா?" என்று கேட்டேன். அதற்குப் பிறகு அவர் முகம் இளகி, என் கையைப் பிடித்து முஸாபஹா செய்து, போகும்போது துஆவும் கேட்டுவிட்டுப் போனார். அவருடைய வேலி எங்கள் வளவின் இடப்பக்கம்தான் இருக்கிறது. அந்த மகிழ்ச்சியும் கொஞ்சம் இருந்திருக்கும்.

இவ்வளவும் நடந்த பிறகும் நான் வேன் ஓட்டலாம் என்றே நம்பினேன். தாடி வேறு, வேன் வேறு. தாடியை நான் எப்போதாவதுதான் வெட்டுகிறவன், வேன் என் தொழில். மனைவியிடம் இதைச் சொன்னபோது, "சோத்துக் கோப்பைய ஓட்டத் தெரியாத ஆளுக்கு வேன் என்னத்துக்கு?" என்றாள். நான் கத்தினேன். வாதம் என் தொண்டையைத் தொடவில்லை. கத்தல் தாங்காமல் கடைசியில் மச்சான், "ஒரு தரம் ஆளில்லாத ரோட்டில ஓட்டிப் பாக்கட்டும் ராத்தா, நான் பக்கத்தில இரிக்கன்" என்று சொல்லிவிட்டான். அவனுக்கு யாருக்கும் இல்லை என்று சொல்லத் தெரியாது.

ஒரு லீவு நாள் காலையில், வெயில் ஏறிய நேரம், காரைதீவுச் சந்தி தாண்டி மாவடிப்பள்ளிப் பக்கம் வயல்களுக்கு நடுவே போனதும் ஆசனம் மாறினோம். ஸ்டியரிங்கைத் தொட்டதும் எனக்குக் கண் கலங்கியது. கிளச் மிதித்தேன், கால் கேட்டது. கியர் போட்டேன், கை கேட்டது. ரோடு பட்டுப் போலக் கிடந்தது. "பாத்தியா? ஒரு குலுக்கல் இரிக்கா?" என்று கேட்டேன்.

"கொஞ்சம் வலக்க எடுங்க மச்சான்" என்றான்.

"வலப்பக்கம் லொறி வரும். நீ எனக்குச் செல்லித் தாறியா?"

கொஞ்ச நேரத்தில் அவன், சாகிற நேரம் சொல்கிற கலிமாவைச் சத்தமாகச் சொல்லத் தொடங்கினான். வயல் காற்றுப் பட்டு இவனுக்கு ஈமான் கூடிவிட்டது என்று நினைத்தேன். டயருக்குக் கீழே சரசர என்றது. ரோட்டுக்குப் புதிதாகக் கல் போட்டிருக்கிறார்கள், காசை எவனோ தின்றுவிட்டு ஒழுங்காக உருட்டவில்லை என்று அந்த வேலைக்காரர்களைத் திட்டினேன். பிறகு 'டப்' என்று ஒரு சத்தம் கேட்டது. மச்சான் ஹான்ட் பிரேக்கை இழுத்துவிட்டான்.

இறங்கி முன்னால் சுற்றி அந்தப் பக்கம் போன பிறகுதான் கண்டேன். அறுவடைக் காலத்தில் எங்கள் பக்கத்து ரோட்டோரம் எல்லாம் நெல் காயும். பாதி ரோட்டுக்குப் படங்கு விரித்து, நெல்லைப் பரப்பி, வாகனம் ஏறாமல் இருக்க ஓரத்தில் கல்லும் தென்னோலையும் வைப்பார்கள். இது பிறந்த பிள்ளைக்கும் தெரியும். நான் கல், ஓலை, நெல் எல்லாவற்றுக்கும் மேலால் நேராக ஓட்டி வந்திருக்கிறேன். முழு நீளத்துக்கும் டயர் கோடு, அவ்வளவு நேராக. படங்கு ஒன்று பின் சக்கரத்தில் சுற்றியிருந்தது. முன் பக்கத்தில், இடது மூலையில், ஒரு பிளாஸ்டிக் கதிரை கால் முறிந்து மாட்டிக்கொண்டிருந்தது.

பற்றைக்குப் பின்னாலிருந்து ஒரு வயதானவர் சாரனை இறுக்கிக்கொண்டு ஓடி வந்தார். நெல்லைப் பார்த்தார், கதிரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். திட்டப் போகிறார் என்று நானும் தயாராக நின்றேன். அவர் இரண்டு கையையும் ஏந்தி, "அல்ஹம்துலில்லாஹ்" என்றார்.

"என்ன மாமா?" என்றான் மச்சான்.

"இந்தக் கதிரையிலதான் மகன் காகம் விரட்டிக்கிட்டு இருந்தன். எனக்குச் சீனி வருத்தம். நிமிசத்துக்கு நிமிசம் ஒண்டுக்குப் போகணும். இவ்வளவு நாளும் அந்த வருத்தத்த ஏசிக்கிட்டே இருந்தன். இண்டைக்கு அதுதான் என்னக் காப்பாத்தின."

மச்சான் சிரித்துவிட்டான், அவரும் சிரித்தார். எனக்கும் சிரிப்பு வாயில் வந்தது, ஆனால் கதிரையைத் திரும்பப் பார்த்ததும் ரோட்டிலேயே குந்திவிட்டேன். அவர் என்னைக் கண்டு பயந்துபோய், தன் கைப்போத்தலில் இருந்த தேத்தண்ணியைக் குடிக்கத் தந்தார். சீனி இல்லாத கசந்த தேத்தண்ணி. பிறகு மூன்று பேருமாக நெல்லைக் கூட்டி அள்ளினோம். என் பங்கில் வலப்பக்கம் மட்டும் துப்புரவாக இருந்தது. மச்சான் பின்னால் வந்து மீதியைக் கூட்டினான்.

திரும்பி வரும்போது வேனை மச்சான் ஓட்டினான். நான் இடப்பக்க ஆசனத்தில் இருந்தேன். அந்த ஆசனத்தில் நான் அதுவரை இருந்ததே இல்லை. என் வேனின் கதவு அந்தப் பக்கம்தான் திறக்கும். பிள்ளைகள் வந்து நிற்பதும், புத்தகப் பையோடு ஏறுவதும், தண்ணிப் போத்தல் விழுந்தால் குனிந்து எடுப்பதும் அந்தப் பக்கம்தான். முறிந்த கதிரை மனதில் வந்து வந்து போனது, ஆனால் அதில் இருந்தது அந்த வயதானவர் இல்லை. நான் அழுதேன். மச்சான் ரோட்டைப் பார்த்தபடியே, "வெயில் கண்ணுல குத்துதா மச்சான்?" என்று கேட்டான். ஓம் என்றேன்.

வீட்டுக்கு வந்து, "திறப்ப நீயே வச்சிக்க" என்று அவனிடம் சொன்னேன். மனைவி வேனைச் சுற்றி வந்தாள். பின் சக்கரத்தில் ஒட்டியிருந்த நெல்லைப் பார்த்துவிட்டாள். அன்று இரவு மீனாணம் வைத்தாள், புளி தாராளமாகவே இருந்தது.

எல்லாவற்றையும்விட அதிகம் வருந்தியவ மூத்த ராத்தாதான். நான் இனி முழுநாளும் விறாந்தைதான் என்று அவவுக்கு விளங்கிவிட்டது. அடுத்த வாரமே மச்சானிடம், "புள்ளைகள்ர சத்தத்த நீ எப்பிடித் தாங்குற? இவரையும் கூட்டிக்கிட்டுப் போ, அதட்டுறதுக்கு ஒராள் வேணும்தானே" என்று சொல்லி ஏற்பாடு செய்துவிட்டா. ஓட்டத் தெரியாமல் போனாலும் அதட்டத் தெரியும் என்பதை முழு வளவும் ஒப்புக்கொண்டது. இப்படித்தான் நான் என் வேனில் இரண்டாம் ஆளாக வேலைக்குச் சேர்ந்தேன். ஒவ்வொரு வீட்டு வாசலிலும் இறங்கி, கதவைத் திறந்து, பிள்ளையை ஏற்றிவிட்டு, மற்றப் பிள்ளைகளை ஏசுவது என் வேலை.

முதல் நாள், பள்ளி ஒழுங்கையில் ஒரு தாய் மகனோடு வாசலில் நின்றா. வேன் வந்து நின்றதும் சாரதி ஆசனத்தில் யார் என்று எட்டிப் பார்த்தா. பிறகு என்னைப் பார்த்து, அண்ணன் முறை வைத்து, "காக்கா, இனி நீங்க ஓட்டுறல்லயா?" என்று கேட்டா.

"இல்ல மகள். இனி அவன்தான்."

"அல்ஹம்துலில்லாஹ்!" என்று சத்தமாகச் சொல்லிவிட்டு, உடனே வாயைப் பொத்திக்கொண்டா. எனக்கு முகம் சுருங்கியது.

"கோவிக்காதீங்க காக்கா. நீங்க விழுந்த நாள்ல இருந்து ஒவ்வொரு தொழுகையிலயும் உங்களுக்குத் துஆக் கேட்டன்."

"என்ட சுகத்துக்கா?"

"சுகத்துக்கும்தான்" என்றா. முக்காட்டைச் சரிசெய்தா. "நீங்க திரும்பி வந்து இந்த வேன ஓட்டப்படாது எண்டும் கேட்டன்."

இருபது வருசம் ஒரு கீறல் இல்லாமல் ஓட்டினவனுக்கு வாசலில் வைத்துச் சொல்கிற சொல்லா இது? எனக்குக் கோபம் வந்தது. நாலு கேள்வி கேட்க வேண்டும் என்று வாயைத் திறந்தேன். முதலில் பிள்ளையை ஏற்றிவிடுவோம் என்று சுற்றுமுற்றும் தேடினேன், அவனைக் காணவில்லை. "மகன் எங்க, உள்ளுக்குப் போயிட்டானா?" என்று கேட்டேன். என் இடப்பக்கத்திலிருந்து ஒரு சின்னக் கை என் சேட் நுனியைப் பிடித்து இழுத்தது.

நான் முழு உடம்பையும் திருப்பி அவனைப் பார்த்தேன். "ஆமீன்" என்று அவனுடைய தாய்க்குச் சொல்லிவிட்டு, அவனைத் தூக்கி வேனில் ஏற்றினேன்.