முட்டி போடாதவர்

முதுகுவலிக்கு என்னிடம் பிசியோதெரபிக்கு வந்தவர் அவர். ஆறடி உயரம், ஒட்ட வெட்டிய தலை. பேன்ட்டை மடித்துவிட்டபோது இரண்டு முட்டியிலும் எட்டுமுனை நட்சத்திரம் பச்சை குத்தியிருந்தது தெரிந்தது.

"பாய்ல முட்டி போட்டு, ரெண்டு கையையும் ஊனிக்கங்க" என்றேன்.

"வேற ஏதாவது சொல்லுங்க மேடம். முட்டி மட்டும் போட மாட்டேன்."

வேலைக்குப் போன ரஷ்யாவில் ஜெயிலில் இருந்தபோது குத்தியதாம். ரப்பரைக் கொளுத்திய கரிதான் மை. யாருக்கும் மண்டியிட மாட்டேன் என்பதுதான் அங்கே அந்த நட்சத்திரத்துக்கு அர்த்தம். அதைக் குத்திக்கொண்டு மண்டியிட்டவனைச் சக கைதிகளே சும்மா விட மாட்டார்களாம்.

"இது தில்லைநகருங்க. இங்க யாரு பாக்கப் போறாங்க?"

"நான் பாப்பேன்ல?"

எரிச்சலாக வந்தது. "அப்ப வலியோடயே இருங்க" என்று அனுப்பிவிட்டேன்.

அடுத்த வாரம் ஸ்ரீரங்கம் கோயில் கொடிமரத்தருகே அவரைப் பார்த்தேன். மற்றவர்கள் மண்டியிட்டு, பிறகு விழுந்து சேவித்துக்கொண்டிருந்தார்கள். இவர் மட்டும் குனிந்து கைகளைத் தரையில் ஊன்றினார். கால்களைப் பின்னால் நீட்டி, தண்டால் எடுப்பவரைப் போல உடம்பை விறைப்பாக இறக்கி, நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார். எழுந்ததும் அப்படியேதான். முகத்தில் வலி தெரிந்தது.

என்னைப் பார்த்துவிட்டார்.

"பெருமாளுக்கே போடல மேடம். உங்க பாய்லயா போடுவேன்?"

நான் சேவிக்கக் குனிந்தேன். என் முட்டி தரையில் பட்டது. இத்தனை வருடமும் அதை நான் கவனித்ததே இல்லை.