திருத்தி வாசித்த ஐந்து வாக்கியங்கள்

ஒரு கம்ப்யூட்டருக்கு முன்னால் இரண்டு நாற்காலிகள். அந்த ஹாலில் மற்ற எல்லோருக்கும் ஒன்றுதான். அந்த இரண்டாவது நாற்காலியில் எவ்வளவு மிதப்பாக உட்கார்ந்தேன் என்பதை நினைத்தால் இப்போதும் உடம்பு கூசுகிறது. வங்கி எழுத்தர் வேலைக்கான தேர்வு அது. எழுத வந்தவர் என் பக்கம் காதைச் சாய்த்து உட்கார்ந்திருந்தார். அவருக்குப் பிறவியிலிருந்தே பார்வை கிடையாது. திரையில் வரும் கேள்வியை நான் வாசிக்க வேண்டும், அவர் சொல்லும் விடையை மவுஸால் அழுத்த வேண்டும். அவ்வளவுதான் என் வேலை. அதைச் செய்யக்கூட எனக்குத் துப்பில்லாமல் போனது.

அண்ணன் என்றுதான் அவரைக் கூப்பிடுவேன். பி.ஏ. முடித்துவிட்டு, கும்மிடிப்பூண்டி ரயிலில் பேனாவும் செல்போன் கவரும் விற்றுக்கொண்டிருந்தார். எர்ணாவூர் குடியிருப்பில் வீடு. அப்போது நான் ஆங்கில இலக்கியம் இரண்டாம் வருஷம். திருவொற்றியூரில் ஏறி ராயபுரத்தில் இறங்குவேன். ஒருநாள் வேண்டுமென்றே நாலு பேர் காதில் விழட்டும் என்று போனில் இங்கிலீஷில் பீற்றிக்கொண்டிருந்தேன். அண்ணன் அங்கேயே நின்றுவிட்டார். "இன்னாம்மா, இங்கிலீசு தண்ணி மாதிரி வருது! பரிச்சைக்கு வந்து எனக்குப் படிச்சிக் காட்றியா?" என்றார். அந்த ஒரு பாராட்டில் நான் காலி.

அவர் வீட்டுக்குப் போய்ப் பார்த்தபோதுதான் தெரிந்தது, அதுவரை அவருக்கு வாசித்துக் காட்டியது அண்ணி. பத்தாவது வரை படித்தவர், ஏற்றுமதித் துணிக் கம்பெனியில் தையல் வேலை. ஆங்கிலப் பயிற்சிப் புத்தகத்தில் வாக்கியத்தின் மேல் விரலை வைத்து, ஒவ்வொரு வார்த்தையாக எழுத்துக் கூட்டி வாசிப்பார். அர்த்தம் ஒன்றும் தெரியாது. பிழை கண்டுபிடிக்கிற கேள்வி என்றால் வாக்கியத்தை நாலு துண்டாகப் போட்டிருப்பார்கள், எந்தத் துண்டில் தப்பு என்று சொல்ல வேண்டும், ஒன்றிலும் இல்லாவிட்டால் 'தப்பில்லை'. அண்ணி வாசிக்க வாசிக்க அண்ணன் 'த்சு' என்று முகம் சுளிப்பார். "அங்க ஏதோ உறுத்துதுமே, இன்னொரு தபா படி." உறுத்திய இடம் பெரும்பாலும் சரியாகவே இருக்கும். எப்படி அண்ணா என்று கேட்டேன். "ரூலெல்லாம் நமக்குத் தெரியாதும்மா. சோத்துல கல்லு கீதுன்னா பல்லுக்குத் தெரில? அப்டித்தான் காதுக்கும்" என்றார்.

முந்தைய தேர்வுக்கு அண்ணிதான் கூடப் போயிருந்தார். நேரம் போதாமல் கடைசிக் கேள்விகள் விட்டுப்போயின. அடுத்ததுதான் அண்ணனுக்குக் கடைசி வாய்ப்பு, அதற்குப் பிறகு வயது வரம்பு தாண்டிவிடும். இந்தத் தடவை வேகமாகப் படித்துப் பழகிவிட்டேன் என்று அண்ணி சொல்லிக்கொண்டிருக்கும்போதே நான் குறுக்கே புகுந்தேன். "நீங்க படிச்சா பாதிகூடத் தாண்டாது அண்ணி, நான் பாத்துக்கறேன்." எவ்வளவு திமிர்! அண்ணி புத்தகத்தை மூடி என் கையில் கொடுத்துவிட்டு அடுப்படிக்குப் போனார். பாரம் இறங்கியதில் நிம்மதி போல என்று நான் நினைத்துக்கொண்டேன்.

தேர்வில் ஆங்கிலப் பகுதி முதலில் வந்தது. கடிகாரம் ஓட ஓட நானும் ஓடினேன். மழை கொட்டுகிற மாதிரி வாசித்தேன். முதல் கேள்விக்கு அண்ணன் 'தப்பில்லை' என்றார். அழுத்தினேன். இரண்டாவதற்கும் அதேதான், மூன்றாவதற்கும் அதேதான். ஐந்தாவது முடிந்ததும் அவர் நெற்றியைச் சுருக்கினார். "இன்னாம்மா, ஒண்ணுகூட உறுத்தல? எல்லாமே தப்பில்லைன்னு வருது. கரீட்டாத்தான படிக்கிற?" அப்போதுதான் திரையைச் சரியாகப் பார்த்தேன். ஒருமையில் இருந்த சொல்லை நான் பன்மையாக வாசித்திருந்தேன். முந்தைய கேள்விக்குப் போய்ப் பார்த்தேன். அங்கே இல்லாத ஒரு சின்னச் சொல்லை நானே சேர்த்திருந்தேன். ஐந்திலும் இதே கதைதான். கண் பிழையைப் பார்த்திருக்கிறது, வாய் அதைத் திருத்திச் சொல்லியிருக்கிறது. பாவம், அவர் காதில் விழுந்ததெல்லாம் சுத்தமான ஆங்கிலம். அதில் எங்கே போய்த் தப்பைத் தேடுவார்?

நேரம் இருந்தது. இதை ஒளிக்கவே கூடாது, ஏழு நிமிஷம் இருந்தது. 'அண்ணா, தப்பாப் படிச்சிட்டேன், மறுபடி படிக்கிறேன்' என்று ஒரு வரி சொல்லியிருந்தால் போதும். பின்னால் கண்காணிப்பாளர் நின்றிருந்தார். ஆனால் நான் பயந்தது அவருக்கு அல்ல. இங்கிலீஷ் தண்ணி மாதிரி வருகிறது என்று சொன்ன மனுஷன் முன்னால் அசிங்கப்பட வேண்டுமே என்றுதான் பயந்தேன். "கரெக்டாத்தான் படிக்கிறேன் அண்ணா" என்றேன். அவர் தலையாட்டினார். மீதிக் கேள்விகளை எழுத்துப் பிசகாமல் வாசித்தேன். அவையெல்லாம் அவருக்கு டக் டக்கென்று உறுத்தின.

இரண்டு மதிப்பெண்ணுக்கும் குறைவான வித்தியாசத்தில் போனது. அவரே போன் செய்து சொன்னார். நான் அழுதேன், அவர் எனக்கு ஆறுதல் சொன்னார். "நீ இன்னா பண்ணுவ? நீ ஷோக்காத்தான் படிச்ச. என் காதுதான் கவுத்துடுச்சு." அப்போதாவது வாயைத் திறந்திருக்கலாம். திறக்கவில்லை. அதன்பிறகு ரயிலில் அவரைக் கவனித்தேன். சத்தத்தை வைத்தே எந்த வண்டி, எந்த ஸ்டேஷன் என்று சொல்கிற மனிதர், பக்கத்தில் நிற்பவர்களிடம் இரண்டு தரம் கேட்க ஆரம்பித்திருந்தார். என்னால் அதைப் பார்க்க முடியவில்லை. பெண்கள் பெட்டியில் ஏறத் தொடங்கினேன். படிப்பு முடிந்ததும் அதே தேர்வை நானும் எழுதினேன். ஆங்கிலத்தில் நல்ல மதிப்பெண். இன்றைக்கு ஒரு வங்கியில் வேலை பார்க்கிறேன்.

ஏழு வருஷம் கழித்து, போன மாதம், திருவொற்றியூர் பிளாட்பாரத்தில் அண்ணனும் அண்ணியும் உட்கார்ந்திருந்தார்கள். நழுவிவிடத்தான் பார்த்தேன். அண்ணி பார்த்துவிட்டார். "யாரு வந்துகீறா பாரு" என்று அவரிடம் சொன்னார். எனக்கு வேலை கிடைத்தது தெரிந்ததும் அண்ணனுக்கு அப்படி ஒரு சந்தோஷம். "நம்ம பொண்ணு!" என்று என் கையைப் பிடித்துக் குலுக்கினார். அதற்கு மேல் தாங்கவில்லை. நின்றபடியே கொட்டிவிட்டேன்.

"அண்ணா, அன்னிக்கு நான் தப்பாப் படிச்சேன். அஞ்சு கேள்வி. எழுதியிருந்த தப்பை என் வாய் தானாத் திருத்திடுச்சு. நீங்க கேட்டப்பவே எனக்குத் தெரிஞ்சுபோச்சு. தெரிஞ்சுதான் பொய் சொன்னேன்."

அவர் கையை விட்டார். அறைவார், இல்லை காறித் துப்புவார் என்று காத்திருந்தேன். அறைந்திருக்கலாம்.

"அப்போ, என் காதுல வுழுந்ததுல தப்பே இல்லையா?"

"இல்லண்ணா. நீங்க சொன்னது சரிதான்."

அவர் முகம் மலர்ந்துவிட்டது. தடவி அண்ணியின் தோளைப் பிடித்து உலுக்கினார். "கேட்டியாமே? காது நல்லாத்தான் கீதாம்! இத்தினி வருஷமா அத்தப் போயி திட்டிகினு இருந்தேனே!" வேலையே கிடைத்துவிட்ட மாதிரி சிரித்தார். அந்தச் சிரிப்புக்கு நேராக நிற்க என்னால் முடியவில்லை.

அண்ணி சிரிக்கவில்லை. வண்டி வந்ததும் பேனாப் பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டு அவர் கையைப் பிடித்தார். "நேரம் பத்தலன்னாலும், நான் வந்திருந்தா இருக்கறதத்தான்யா படிச்சிருப்பேன்" என்றார். அதையும் அவரிடம்தான் சொன்னார். என் பக்கம் திரும்பவே இல்லை. நான் போக வேண்டிய வண்டியும் அதுதான். நான் ஏறவில்லை.