அந்தியில் அமர்த்தாத விளக்கு

2023 ஆகஸ்டு பதினாறு, புதன்கிழமை, முற்பகல் பதினொன்றேகால் மணி. பேகம்பூரில் ருக்சானா நடத்திவந்த மீன்தொட்டிக் கடையின் மேசைமீது ஆண்டிச்சாமி ஒரு தண்ணீர் பாட்டிலைக் கொண்டுவந்து வைத்தார். உள்ளே இருந்த நீர் கொத்தமல்லிச் சட்னியைக் கரைத்தது போலப் பச்சையாக இருந்தது. அவர்கள் இருவரும் முதன்முதலில் பேசியது அந்த பாட்டிலைப் பற்றித்தான்.

"இது என்னண்ணே, கசாயமா?"

"தொட்டித் தண்ணிம்மா. மாத்தி மாத்தி ஊத்துறேன், நாலு நாள்ல இப்பிடி ஆயிருது."

"செடி வச்சிருக்கீகளா?"

"வச்சிருக்கு. அதுக்குன்னு அம்பது வாட்ஸ் ஃபோகஸ் லைட்டே கட்டியிருக்கேன்."

ருக்சானா ஈரக்கையை முந்தானையில் துடைத்தபடி அவரை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்தார். "தொட்டிக்கா, தேரோட்டத்துக்கா?"

ஆண்டிச்சாமிக்குச் சிரிப்பு வரவில்லை. தாடிக்கொம்பு சாலையில் பல ஆண்டுகள் ரேடியோ செட்டும் விளக்கும் வாடகைக்கு விட்டவர் அவர். கல்யாணம், திருவிழா, கட்சிக் கூட்டம் எதுவானாலும் இருட்டு மூலை ஒன்றுகூட இல்லாமல் விளக்குக் கட்டுவதே அவர் அறிந்த தொழில். மீன்தொட்டிக்கும் அப்படியே கட்டினார். அட்டைப்பெட்டியில் 'கூல் டேலைட்' என்று இருந்ததைப் பார்த்து, நீரைச் சூடாக்காத விளக்கு என்று நம்பி வாங்கியதாகச் சொன்னார்.

"கூலுன்னா நெறந்தாண்ணே. வெள்ளையா எரியும், அம்புட்டுத்தான்" என்றார் ருக்சானா. "மீனு நல்லாத்தானே இருக்கு? ஏன் இம்புட்டு வெசனப்படுறீக?"

ஆண்டிச்சாமி பதில் சொல்லுமுன் அங்கிருந்த முக்காலியில் உட்கார்ந்துகொண்டார். அவருடைய மனைவி பேச்சாயி பக்கவாதத்தில் படுத்து ஓராண்டு ஆகியிருந்தது. பேச்சு போய்விட்டது, கழுத்து வலப்பக்கம் மட்டுமே திரும்பும். அந்தப் பக்கத்தில்தான் திருப்பூரிலிருக்கும் மகள் தேவதர்ஷினி அந்தத் தொட்டியை வாங்கி வைத்துவிட்டுப் போயிருந்தாள். மீன்கள் நீந்துவதைப் பார்த்துக்கொண்டே இருந்தால் பேச்சாயி தம்மையறியாமல் வாயைத் திறப்பார், கஞ்சி இறங்கும். நீர் பச்சையாகி மீன் மறைந்த நாள்களில் கரண்டி உதட்டோடு திரும்பிவிடும். இனியும் சாப்பிடாவிட்டால் மூக்கில் குழாய் போட வேண்டியதுதான் என்று மருத்துவர் சொல்லியிருந்தார்.

"கொழாய் போட்டா நான் ஒத்த ஆளாப் பாத்துக்கிற முடியாதும்மா" என்றார் அவர்.

ருக்சானா அன்று மாலையே கடையைச் சாத்திவிட்டு அவர் வீட்டுக்கு வந்தார். படுத்திருப்பவர்களின் வீடு அவருக்குப் புதிதன்று. தோல் மண்டியில் மூட்டை தூக்கிய கணவர் ஃபயாஸ் முதுகெலும்பு நழுவி வீட்டோடு கிடந்தார். கடையும் ருக்சானா விரும்பித் தொடங்கியதன்று. குவைத்துக்குப் போன தம்பி, "ரெண்டு வருசம் மட்டும் பாத்துக்கக்கா" என்று சாவியைக் கொடுத்துவிட்டுப் போனவன். அந்த இரண்டு வருசம் இன்னும் முடிந்தபாடில்லை. நாள் முழுதும் தண்ணீரில் அளைந்து அவருடைய விரல்நுனிகள் வெடித்திருந்தன.

தொட்டியைப் பார்ப்பதற்கு முன் ருக்சானா கட்டிலருகே குனிந்து, பேச்சாயியின் தலையணை உயரத்துக்குத் தம் தலையைத் தாழ்த்தினார். ஃபோகஸ் விளக்கு நேரே கண்ணில் குத்தியது.

"அக்கா கண்ணுல தண்ணி வடியுதே, அது அழுகையில்லண்ணே. உங்க லைட்டு." பிறகு தொட்டிக்குள் கைவிட்டு, கல்லைப் பற்றியிருந்த தடித்த இலை ஒன்றைத் தடவினார். "இது நெழல்ல நிதானமா வளர்ற செடி. இதுக்கு இம்புட்டு வெளிச்சத்தைக் கொட்டுனா இது திங்காது. மிச்சத்தைப் பாசி தின்னு கொழுக்கும்."

மறுநாள் கடையின் முகப்புத் தொட்டியில் எரிந்துகொண்டிருந்த மெல்லிய, நீளமான விளக்கைக் கழற்றிக்கொண்டு வந்தார். பதினைந்து வாட்ஸ்தான். அதைத் தொட்டிக்கு மேல் ஒரு முழ உயரத்தில் தொங்கவிட்டு, கட்டில் பக்கம் வெளிச்சம் சிந்தாமல் ஒரு தகரப்பட்டையும் வளைத்து வைத்தார். காலை பத்து மணிக்கு எரிந்து மாலை ஆறு மணிக்கு நிற்குமாறு டைமரைத் திருகினார்.

"இது என்னம்மா, குண்டுபல்பு கணக்கா மங்கலா இருக்கு?"

"மங்கலாத்தான் இருக்கும். செடிக்கு ஒத்துக்கிட்டா, அப்பறம் பேசிக்கிருவோம்."

செடிக்கு ஒத்துக்கொள்ளவில்லை. இருபது நாள் கழித்து மீண்டும் பச்சை படர்ந்தது. பேச்சாயியின் உதட்டோடு கரண்டி மீண்டும் திரும்பியது. ஆண்டிச்சாமி தொலைபேசியில் சொன்னபோது ருக்சானாவின் குரலில் சலிப்பு தட்டியது.

"டைமர் ஆறு மணிக்கு நிக்கிதா?"

"நிக்கிது. ஆனா அவ கத்துறா. தூங்குற வரைக்கும் லைட்டத் திருப்பிப் போட்டு விட்டுர்றேன். எனக்கும் செத்த நேரம் கண்ணசரணும்ல."

ருக்சானா மறுநாள் அந்திக்கு நேரில் வந்து உட்கார்ந்தார். டைமர் 'டக்' என்றது, தொட்டி இருண்டது. பேச்சாயியின் நல்ல கை கட்டில் சட்டத்தை அடிக்கத் தொடங்கியது. தொண்டையிலிருந்து ஏதோ ஓர் எழுத்து மட்டும் திரும்பத் திரும்ப வந்தது. ஆண்டிச்சாமி பழகிய அலுப்போடு சுவிட்சை நோக்கி எழுந்தார்.

"நில்லுங்கண்ணே. அக்கா நல்லா இருந்தப்ப இந்நேரத்துக்கு என்ன செய்வாக?"

"என்ன செய்வா, வெளக்குப் பொருத்து…" சொல்லிக்கொண்டே வந்தவர் நிறுத்திக்கொண்டார்.

அந்த வீட்டில் விளக்கை அணை என்று யாரும் சொன்னதில்லை. அமர்த்து என்பதே பேச்சாயியின் சொல். அதையும் அந்தி வேளையில் சொல்லக்கூடாது. பழுது பார்க்கும் டியூப்லைட்டைக்கூட அந்நேரத்தில் அமர்த்த விடாமல் அவர் கணவரோடு மல்லுக்கு நின்றதுண்டு. பேச்சாயி படுத்த நாளிலிருந்து சாமிமாடத்தில் ஆண்டிச்சாமி விளக்கேற்றவில்லை. மனைவியின் கண்ணுக்கெட்டிய ஒரே வெளிச்சமாக அந்தத் தொட்டிதான் இருந்தது. அதுவும் நாள்தோறும் அந்தியில் அமர்ந்துகொண்டிருந்தது.

"எங்க வீட்டுலயும் மஃரிபு தொழுகை நேரத்துக்கு லைட்டப் போடாம இருக்க மாட்டோம்" என்றார் ருக்சானா. "நானே போயி ஆறு மணிக்கு நிக்கிற மாதிரி வச்சிருக்கேன் பாருங்க. கடையச் சாத்துற அவசரத்துலயே எல்லாத்தையும் நெனைக்கிறது."

அவர் டைமரைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். பிறகு பகல் ஒன்றுக்கு எரிந்து இரவு ஒன்பதுக்கு நிற்குமாறு திருகினார்.

"செடிக்கு எட்டு மணி நேரம் போதும். எந்த எட்டுன்னு அது கேக்காது. காலையில வெயிலு தொட்டியில விழாம சன்னல்ல ஒரு துணியத் தொங்க விடுங்க. அப்பறம், அந்த மாடத்து வெளக்கையும் ஏத்துங்கண்ணே."

"முடிஞ்ச அன்னைக்கு ஏத்துறேம்மா."

முடிந்த நாள்களில் ஏற்றினார். முடியாத நாள்களில் தொட்டி எரிந்தது. மாதம் திரும்புவதற்குள் நீர் தெளிந்தது. சில இலை விளிம்புகளில் கறுப்புப் பாசி மட்டும் போகவில்லை. பேச்சாயி எழுந்து உட்காரவோ பேசவோ இல்லை. அரைக் கிண்ணம் கஞ்சி இறங்கியது. குழாய்ப் பேச்சு நின்றது. ஆண்டிச்சாமியின் வேலையில் வேறு எதுவும் குறையவில்லை.

மீன்தீனி வாங்கப் போகும்போதெல்லாம் அவர் தொடங்குவார்: "ஏம்மா, அந்த லைட்டுக்குக் காசு…"

"எரியுதுல்ல?"

"எரியுது."

"அப்பறம் என்ன. இந்தாங்க தீனி."

சென்ற மாதம் அவர் போயிருந்தபோது காந்திகிராமத்திலிருந்து வந்த ஒருவர் கடை முகப்பிலிருந்த பெரிய தொட்டியை எட்டிப் பார்த்தார். அதற்குள் வலைகளும் பழைய குழாய்களும் கிடந்தன.

"ஏங்க, இம்புட்டுப் பெரிய தொட்டிய ஏன் இருட்டுல போட்டு வச்சிருக்கீக?"

"லைட்டு பழுதாயிருச்சுங்க" என்றார் ருக்சானா, தீனியைப் பொட்டலம் கட்டியவாறே. "மாத்தணும், நேரமில்ல."

ஆண்டிச்சாமி பக்கத்தில்தான் நின்றிருந்தார். அவர் பக்கம் ருக்சானா திரும்பவில்லை.