பத்துக்குப் பத்து வாங்கிய சர்வீஸ்

பிள்ளைகளே, சில வாரங்களுக்கு முன்னால் ஒரு காலை நேரம். உச்சிப்புளி பக்கம் ஒரு வெள்ளைக் கார் பொனட்டைத் திறந்து போட்டு, ஆவி கிளம்ப நின்றுகொண்டிருந்தது. பஸ்ஸில் போன உங்களில் யாராவது பார்த்திருக்கலாம். ரோட்டோரம் ஸ்போர்ட்ஸ் ஷூ போட்ட நான்கு பெண்பிள்ளைகள். பக்கத்தில் போனைக் காதோடு ஒட்டிக்கொண்டு ஒரு ஆள்... அது நான்தான்.

வண்டி கம்பெனி சர்வீஸ் முடிந்து வீட்டுக்கு வந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை.

அந்த நான்கு பேரும் மண்டபத்தில் எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள். ராமநாதபுரத்தில் மாவட்ட அளவிலான தொடர் ஓட்டம். என் மகள் தேன்மொழி இரண்டாவதாக ஓடுகிறவள். கடைசியாகக் குச்சியை வாங்கிக்கொண்டு பாய்கிறவள் ராஜாத்தி, பிளஸ் டூ படிக்கிறவள். விடிவதற்குள் கடற்கரை மணலில் ஓடி ஓடிப் பழகியவர்கள். பள்ளி வேனில் இடம் போதவில்லை என்று விளையாட்டு டீச்சர் யோசித்தபோது, "இவுகள நம்ம கார்ல நான் கொண்டாந்து விட்டுர்றேன் டீச்சர்" என்று நான்தான் முந்திக்கொண்டு சொன்னேன். கார் வைத்திருக்கிறவனால் இந்த ஒரு வார்த்தையைச் சொல்லாமல் இருக்க முடியுமா?

இப்போது கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

வண்டியில் டெம்பரேச்சர் முள் மேலே மேலே ஏற ஆரம்பித்தபோது ராமநாதபுரத்தில் உள்ள கம்பெனி சர்வீஸ் சென்டருக்குக் கொண்டுபோனேன். பெரிய கண்ணாடிக் கட்டடம். ஏசி, டிவி, காபி எல்லாம் உண்டு. வண்டியை வேலை பார்க்கும் இடத்துக்குள் மட்டும் நாம் போகக் கூடாது. டேப்லெட்டைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு பையன் வந்து பெயர், ஊர் கேட்டான். அவன் பெயர் சரவணன்.

"எந்த ஊரு சார்?"

"மண்டபம். வீட்டுக்காரிக்குத் திருப்பாலைக்குடி."

அவ்வளவுதான். டேப்லெட் கீழே இறங்கியது.

"திருப்பாலைக்குடில யாரு வீடு?"

சொன்னேன்.

"அட, நம்ம அக்கா வீடு. அப்ப நீங்க மச்சான் முறையில்ல. முன்னாடியே சொல்ல வேணாமா?"

நம் பக்கத்தில் இப்படித்தான். ஊர்ப்பெயரைச் சொன்னால் முறை வந்துவிடும். முறை வந்துவிட்டால் வாய் போய்விடும். மச்சினன் முறை ஆன ஒருத்தனிடம் 'வண்டியில் என்ன வேலை பார்த்தாய், காட்டு' என்று கேட்க முடியுமா? கேட்டால் சாயங்காலத்துக்குள் திருப்பாலைக்குடிக்குச் செய்தி போய்விடாதா?

சாயங்காலம் வண்டி பளபளவென்று வந்தது. காலடியில் புதுக் காகிதம் விரித்திருந்தார்கள். "எல்லாம் பாத்தாச்சு மச்சான். கம்ப்யூட்டர்ல ஒண்ணும் காட்டல. முள்ளு ஏறுறது வெயிலுக்கா இருக்கும்" என்றான். பிறகு குரலைத் தாழ்த்தினான். "நாளைக்கு ஆபீஸ்லருந்து போன் வரும். சர்வீஸுக்குப் பத்துக்கு எத்தனை குடுப்பீங்கன்னு கேப்பாக. பத்து சொல்லிருங்க. ஒம்போது சொன்னாலும் எனக்கு முட்டைதான்."

மறுநாள் போன் வந்தது. முள் அன்றைக்கும் ஏறித்தான் இருந்தது. ஆனால் என் மனைவி பக்கத்தில் நின்று, "எங்க ஊருப் புள்ள, மார்க்குல கஞ்சத்தனம் பண்ணாதீக" என்றாள். பத்து என்றேன்.

அடுத்த மாதம் மறுபடியும் கொண்டுபோனேன். மறுபடியும் பளபளப்பு, மறுபடியும் காகிதம். "சென்சார் கொஞ்சம் முன்னப்பின்ன காட்டும் மச்சான், அத வச்சு பயப்படாதீக." மறுபடியும் போன். மறுபடியும் பத்து. நான் பள்ளிக்கூடத்தில் படித்த காலத்தில் எந்த வாத்தியாரும் எனக்கு இப்படி அள்ளிக் கொடுத்ததில்லை.

அதற்குப் பிறகுதான் உச்சிப்புளி.

முள் உச்சியில் போய் ஒட்டிக்கொண்டது. பொனட்டிலிருந்து ஆவி வந்தது. வண்டியை ஓரம் கட்டிவிட்டு சரவணனுக்குப் போன் போட்டேன்.

"பதறாதீக மச்சான். அங்கனயே நில்லுங்க. நம்ம மெக்கானிக் பைக்ல கெளம்பிட்டான். இந்தா வந்துருவான்."

ராமேஸ்வரத்திலிருந்து வரும் பஸ் ஒன்று தெரிந்தது.

"அய்யா, பஸ்ஸு வருது. ஏறிருவமா?" என்றாள் தேன்மொழி.

"இருத்தா. மெக்கானிக் வந்துக்கிட்டே இருக்கான். ஜம்முனு கார்லயே போய் எறங்கலாம்."

பஸ் போய்விட்டது. இன்னொரு தடவை போன். "பக்கத்துல வந்துட்டான் மச்சான்." இன்னொரு பஸ். பிள்ளைகள் என் முகத்தைப் பார்த்தார்கள். நான் ரோட்டைப் பார்த்தேன். அந்த பஸ்ஸும் போய்விட்டது.

மூன்றாவது பஸ்ஸுக்கு ராஜாத்தி என்னைக் கேட்கவில்லை. நடு ரோட்டுக்குப் போய்க் கையை நீட்டி நிறுத்திவிட்டாள். வண்டியை அப்படியே போட்டுவிட்டு நானும் ஏறிக்கொண்டேன்.

மைதானத்து வாசலிலேயே டீச்சர் நின்றார்கள். "எத்தனை தடவ போன் அடிக்கிறது சார்? எப்பவும் நீங்க பேசிக்கிட்டே இருக்கீங்க. நம்ம ஸ்கூல் பேரக் கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பாத்தாங்க. ஆள் இல்லன்னதும் பட்டியல்லருந்து அடிச்சிட்டாங்க."

நான் போய்ப் போட்டி நடத்துகிற சாரிடம் கெஞ்சினேன். அவர் கோபப்படவில்லை. "நானும் பொம்பளப் புள்ள வச்சிருக்கேன். ஆனா ஓடுறவங்க எல்லாம் கோட்டுல நின்னாச்சே. நான் என்ன செய்ய, சொல்லுங்க?" என்றார்.

பிள்ளைகள் படியில் உட்கார்ந்து மற்ற பள்ளிக்கூடங்கள் ஓடுவதைப் பார்த்தார்கள். ஒருத்தி, "விடுங்கடி, அடுத்த வருசம் பாத்துக்குவோம்" என்றாள். ராஜாத்தி ஷூ கயிற்றை அவிழ்த்துக்கொண்டே, "நீங்க பாப்பீக" என்றாள். அவளுக்கு அடுத்த வருடம் பள்ளிக்கூடம் ஏது?

மெக்கானிக் உச்சிப்புளிக்கு வந்து வண்டியை சர்வீஸ் சென்டருக்குக் கட்டி இழுத்துப் போனது மத்தியானத்துக்கு மேல்.

மறுநாள் சர்வீஸ் சென்டருக்குப் போய் மேனேஜரிடம் சத்தம் போட்டேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, கம்ப்யூட்டரை என் பக்கம் திருப்பினார். "சார், ரெண்டு தடவையும் நீங்க பத்து குடுத்திருக்கீங்க. 'ரொம்பத் திருப்தி'ன்னு போட்டிருக்கு. குறை இருந்தா அப்பவே சொல்லியிருக்கலாமே? குறைவா மார்க் வந்த வண்டியத்தான் நாங்க திரும்ப வரச்சொல்லி, சூப்பர்வைசர வச்சு செக் பண்ணுவோம்."

சொல்லுங்கள் பிள்ளைகளே, அந்த இரண்டு பத்தும் என் வாயால் போட்டதுதானே?

வெளியே வந்ததும் சரவணன் பின்னாலேயே வந்தான். "இப்ப பொய் சொல்லல மச்சான். ஒரு நாளைக்கு இத்தனை வண்டிய அனுப்பியாகணும்னு சொல்றாக. நம்ம வண்டிக்கு வாட்டர் வாஷ்தான் பண்ணி விட்டாக. பொனட்டத் தெறந்து பாக்கல. மச்சான்தானே, அடுத்த தடவ நின்னு பாத்துக் குடுத்துரலாம்னு..."

"அப்ப அன்னைக்கு மெக்கானிக் பக்கத்துல வந்துட்டான்னு சொன்னது?"

"அவன் அப்பக் கெளம்பவே இல்ல மச்சான். நீங்க கோவிச்சுக்குவீகளோன்னு சொல்லிட்டேன்."

மற்றவர்களுக்குச் செய்கிற வேலையைக்கூட நமக்குச் செய்ய மாட்டார்கள், நாம் உறவு என்பதால். இதை எங்கே போய்ச் சொல்வது?

பொனட்டைத் திறந்து பார்த்தார்கள். ரேடியேட்டருக்குக் காற்று தருகிற ஃபேன் சுற்றவே இல்லை. அதற்குக் கரண்ட் போகிற ஒயர், சேருமிடத்தில் உப்புக் காற்றில் அரித்துப் போயிருந்தது. சின்ன வேலை. அன்றைக்கே முடித்துக் கொடுத்துவிட்டார்கள்.

மறுநாள் வழக்கம்போல் போன். பத்துக்கு எத்தனை?

மனைவி அடுப்படியில் இருந்து எட்டிப் பார்த்தாள். தேன்மொழி புத்தகத்தில் கண்ணை வைத்துக்கொண்டு, பக்கத்தைத் திருப்பாமலே இருந்தாள்.

"மூணு" என்றேன்.

"காரணம் சொல்ல முடியுமா சார்?"

சொன்னேன். முள், வாட்டர் வாஷ், உச்சிப்புளி எல்லாம் சொன்னேன். அந்தப் பையன் கெட்டவன் இல்லை, அவன் தலையில் அளவுக்கு மேல் வண்டிகளைக் கட்டுகிறார்கள், அதையும் எழுதிக்கொள்ளுங்கள் என்றேன்.

"அதுக்கு இதுல இடம் இல்ல சார். நம்பர் மட்டும்தான் போகும்" என்றாள் போனில் பேசிய பெண்.

சாயங்காலத்துக்குள் மாமியார் போன் போட்டுவிட்டார். "நம்ம புள்ளைக்கு இந்த மாசம் சம்பளத்துக்கு மேல வர்ற காசு நின்னு போச்சாம்ல. மூணு போட்டீகளாமே மருமகனே. அவுக அம்மா இங்கன வந்து அழுதுட்டுப் போறா."

தேன்மொழியின் பந்தயத்தைப் பற்றி மாமியாருக்கு யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது. சொன்னாலும் என்ன ஆகப் போகிறது?

பிள்ளைகளே, எனக்குப் பெரிய படிப்பு கிடையாது. பெரிய புத்திமதி சொல்லவும் தெரியாது. ஒன்று மட்டும் சொல்கிறேன். முதல் தடவையே நான் ஆறு என்று சொல்லியிருந்தால், சரவணன் ஒரு திட்டு வாங்கியிருப்பான். பொனட்டைத் திறந்திருப்பார்கள். ராஜாத்தி ஓடியிருப்பாள். ஜெயித்திருப்பாளா, தெரியாது. ஓடியிருப்பாள். சின்னதாக முகம் சுளிக்க வைக்கப் பயந்து, கடைசியில் ஐந்து பிள்ளைகளை நோகடித்துவிட்டேன். அதில் ஒன்று, எனக்கு மச்சினன்.

வண்டி இப்போது நன்றாகத்தான் ஓடுகிறது. திருப்பாலைக்குடிக்குத்தான் இன்னும் ஓட்டிக்கொண்டு போகவில்லை.