ஓடைக்கரை பைன்

காலை ஏழேகால். சித்திரபுரத்துக்குக் கீழே, சாலையோர மரமில்லில் பைன் தடி ஒன்று அறுபட்டுக் கிடக்கிறது. வெட்டுமுகம் முழுக்க வெளிர்மஞ்சள். நடுவில் வைரம் பாய்ந்த இடம் எலுமிச்சம்பழ அளவுக்கே சிவந்திருக்கிறது.

தடிகளை வாங்கிய சவரியம்மா தேயிலைத் தோட்டத்தில் ஓய்வுபெற்றவர். தோட்டம் கொடுத்திருந்த லயத்து அறையைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். புதுவீட்டுக் கூரைக்குத்தான் இந்த மரம்.

“பருமனாப் பாத்துத்தானய்யா எடுத்தேன்,” என்கிறார், வேடிக்கை பார்க்க நின்ற என்னிடம்.

“ஓடைத் தண்ணியக் குடிச்சு வேகமாப் பெருத்த மரம்க்கா, அம்புட்டும் வெள்ளை. கூரையில ஏத்துனா உளுத்துரும்,” என்கிறார் மில்காரர் ராஜன். “அதே வருசம் பாறை மேட்டுல நட்டது, காஞ்சு மெதுவா வளந்துச்சு. நேத்து ஒண்ணை அறுத்தேன். பாதிக்கு மேல வைரம்.”

“வித்தவரு அந்த மேட்டு மரத்தைக் காட்டுனப்ப, இம்புட்டு ஒல்லியா இருக்கே, பந்தக்காலு நடவான்னு நீதானே கேலி பண்ணுன?”

“நீங்களும் சேந்துதானக்கா சிரிச்சீங்க.”

“சரி, மேட்டு மரத்துல மிச்சத்தையாவது எனக்கு அறுத்துக் குடு.”

ராஜன் மில்லை நிறுத்துகிறார். மேட்டு மரங்கள் விறகாக விலைபோய், எதிர்ச்சரிவில் இருக்கும் தேயிலைத் தொழிற்சாலையின் அடுப்பில் எரிந்துகொண்டிருக்கின்றன.