ஆற்று மணலில் நடந்த சபை

போன வாரம் பெய்த மழையில் எங்கள் வீட்டுப் பரண் ஒழுகியது. அங்கே கிடந்ததையெல்லாம் மருமகள் கீழே இறக்கிக் கூடத்தில் பரப்பினாள். கண்ணாடி போன அரிக்கேன் விளக்கு, என் கல்யாணத் தகரப்பெட்டி, கைப்பிடி இல்லாத குடை, எதற்காக எடுத்து வைத்தோம் என்று எனக்கே தெரியாத ஒரு சக்கரம். கடைசியாக ஒரு கோணிப்பையைப் பிரித்தவள் மூக்கைப் பிடித்துக்கொண்டு, "அத்தே, இன்னா நாத்தம் இது? எலி ஏதாச்சும் செத்துக் கெடக்குதா?" என்று கேட்டாள்.

எலி இல்லை. அவளுடைய மாமனாரின் செருப்பு. இத்தனை வருஷம் பேசாமல் கிடந்த தோல், தண்ணீர் பட்டதும் ஆவாரம் பட்டையும் கடுக்காயும் கலந்த அந்தப் பழைய வாசனையை விட்டது. நான் அதை வாங்கி மடியில் வைத்துக்கொண்டேன். அவள் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு உள்ளே போனாள். உங்களுக்குச் சொல்வதற்கென்ன, அன்று மத்தியானம் முழுக்க அதை மடியிலேயே வைத்திருந்தேன்.

எனக்கு இந்த வாசனை பிடித்துப்போகும் என்று கல்யாணமான புதிதில் யாராவது சொல்லியிருந்தால் சண்டைக்குப் போயிருப்பேன். நான் வேலூர்க் கோட்டைப் பக்கம் வளர்ந்தவள். வாத்தியார் பயிற்சி முடித்த கையோடு, கிறிஸ்தவக் கோயிலில் பிரசங்கம் பண்ணுகிற ஒரு உபதேசியாருக்குக் கட்டிவைத்தார்கள். அவருக்கு ஆம்பூருக்கு எதிரே, பாலாற்றுக்கு அக்கரையில் ஒரு சிறிய சபை. எனக்கு அந்தச் சபையின் பள்ளிக்கூடம். வெள்ளைக்காரன் காலம் அது. ஆம்பூர்க் கரையில் ஆற்றோரமாக வரிசையாய்த் தோல் பதம் பண்ணுகிற ஷாப்புகள். காற்று அடித்தால் சுண்ணாம்புத் தொட்டியும் ஊறுகிற தோலும் நேராக எங்கள் சோற்றுத் தட்டில் வந்து உட்காரும். முதல் சில நாள் நான் எலுமிச்சை இலையை மூக்கில் வைத்துக்கொண்டுதான் சாப்பிட்டேன். அதைப் பார்த்துவிட்டு சாராள் அக்கா சிரித்த சிரிப்பு இருக்கிறதே!

"கொஞ்ச நாளு போவட்டும் டீச்சரம்மா. அப்புறம் உன் பொடவையே அப்படித்தான் மணக்கும்."

சாராள் அக்கா தோல் ஷாப்பில், தோலை ஊறவைக்க ஆவாரம் பட்டை இடிப்பவள். எங்கள் வீட்டுக்கு எதிர்வீடு. அவள் புருஷன் தேவசகாயம் சுண்ணாம்புத் தொட்டியில் இறங்கித் தோலை மிதித்துப் புரட்டுகிறவர். அந்தத் தெரு முழுவதும் கிறிஸ்தவர்கள்தான். எல்லாருக்கும் வேதத்திலிருந்து எடுத்த பெயர்கள். ஆனால் ஞாயிற்றுக்கிழமை ஒன்பது மணிக்குக் கோயில் மணி அடித்தால் ஒரு ஈ காக்காய் வராது.

கோயில் என்றால் பெரிதாக நினைத்துவிடாதீர்கள். ஓடு போட்ட ஒரு நீளக் கூடம், வாசலில் ஒரு புங்கமரம், சீமையிலிருந்து கப்பலில் வந்த ஒரு நல்ல மணி. அந்த மணி ஆற்றைத் தாண்டிக் கேட்கும். அதைக் கேட்டு வருவது ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்ந்துபோன ஒரு தாத்தா மட்டும். அவருக்குக் காது கேட்காது, வழக்கத்தினால் வருகிறவர். நான் ஒருத்தி. ஓட்டுக்குக் கீழே புறாக்கள். இந்தச் சபைக்கு எங்கள் வீட்டுக்காரர் குரலை உயர்த்தி, கையை நீட்டி, மனந்திரும்புங்கள் என்று பிரசங்கம் பண்ணுவார். நாங்கள் இருவரும் எதிலிருந்து மனந்திரும்புவது என்று எனக்கு விளங்காது. "கொஞ்சம் மெதுவாப் பேசுங்களேன், புறா பயப்படுது" என்று ஒருநாள் சொல்லிவிட்டேன். அன்று முழுவதும் முகம் கொடுத்துப் பேசவில்லை.

வேலூரில் இருந்த ஐயருக்கும் சங்கதி எட்டியது. சபைக் குருவை நாங்கள் அந்நாளில் ஐயர் என்றுதான் சொல்வோம். நல்ல மனிதர், கண்டிப்பானவர். அந்தச் சபை அனல் அவிந்துபோயிற்று, இனி ஊதிப் பயனில்லை, அறுப்பின் பண்டிகை முடிந்ததும் கோயிலை மூடிவிடலாம் என்று சொல்லியனுப்பினார். மணியைக் கழற்றிப் பள்ளிகொண்டாப் பக்கம் புதிதாகக் கட்டுகிற கோயிலுக்குக் கொடுப்பார்களாம். எங்களுக்கு வேறு ஊர்.

உள்ளதைச் சொல்கிறேன், எனக்கு சந்தோஷமாக இருந்தது. நாற்றமில்லாத ஊருக்குப் போகலாம் அல்லவா? ஆனால் இவர் சாப்பிடவில்லை. கோயிலுக்குள் போய்ப் பாயில் முழங்காலில் நின்றார். எழுந்து வந்தவர் அடுப்பங்கரை வாசலில் நின்று என்னிடம் சொன்னார்:

"சபை போறது இருக்கட்டும் டீச்சர். எனக்கே ஜெபம் வரல. ரொம்ப நாளா வரல. வாய்தான் பேசுது."

வெளியாட்கள் இல்லாதபோதும் என்னை டீச்சர் என்றுதான் கூப்பிடுவார், கேலியாக. அன்று அதில் கேலி இல்லை. சம்பளத்துக்கு ஜெபம் பண்ணுகிறவருக்கு ஜெபம் வரவில்லை என்றால் அதை அவர் வேறு யாரிடம் போய்ச் சொல்வார்?

அடுத்த ஞாயிறு விடியும் முன்பே எழுந்து மேல்துண்டைப் போட்டுக்கொண்டு கிளம்பினார். சபையார் எல்லாரும் தோல் ஷாப்புக்குப் போகிற நேரம் அது. வழியில் மடக்கி நாலு கேள்வி கேட்காமல் விடுவதில்லை என்று சொன்னார். கோபத்தில் போகிறவரைத் தனியே விடக்கூடாது என்று நானும் பின்னாலேயே போனேன். வேடிக்கை பார்க்கிற ஆசையும் இருந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஆற்றங்கரையில் கூட்டம் இறங்கிக்கொண்டிருந்தது. ஆணும் பெண்ணுமாக, இடுப்பில் கூழ்ச்சட்டி, தலையில் முண்டாசு. இவர் குறுக்கே போய் நின்று, "நில்லுங்க. ஆண்டவருடைய நாளில் எங்கே போறீங்க?" என்றார்.

யாரும் நிற்கவில்லை. தண்ணீர் கல்லைச் சுற்றிக்கொண்டு போவதைப் போல் அவரைச் சுற்றிக்கொண்டு போனார்கள். சாராள் அக்காதான் போகிற போக்கில் திரும்பிச் சொன்னாள்:

"நிக்க நேரமில்ல ஐயா. காவக்கார காதர் பாய் தண்டவாள மணிய அடிச்சிட்டார்னா ஷாப்பு கேட்ட சாத்திடுவாங்க. திட்டறதுன்னா நடந்துகினே திட்டுங்க."

இவரும் நடந்தார். திட்டிக்கொண்டே நடந்தார். மணலில் வேகமாக நடந்துகொண்டு திட்டிப் பாருங்கள், மூச்சு வாங்கிப் பாதி ஆற்றிலேயே திட்டு தீர்ந்துபோகும். தீர்ந்ததும் சாராள் அக்கா நிதானமாகச் சொன்னாள்.

"இன்னா ஐயா பண்றது? எங்களுக்கு லீவு வெள்ளிக்கெழம. சாயபு ஷாப்பு, அப்படித்தானே இருக்கும்? ஞாயித்துக்கெழம வேல செய்யறவங்க கோயில் படியே மிதிக்கக் கூடாது, இராப்போஜனத்துல அப்பத்துக்குக் கை நீட்டக் கூடாதுன்னு பழைய உபதேசியார் கண்டிசனா சொல்லிட்டாரு. சரி, ஆண்டவர் பேச்ச மீற வேணாம்னு நின்னுட்டோம். நான் அப்பம் வாங்கி எத்தினி வருசம் ஆச்சு தெரியுமா? எம் பொண்ணு பொறந்தப்ப வாங்கினது. அவளையே இப்ப பொண்ணு பாக்க வர்றாங்க."

கண்டிப்பாகச் சொன்ன அந்தப் பழைய உபதேசியார் செத்துப்போய் வெகுகாலம். அவர் சொன்னதை மட்டும் இவர்கள் விடாமல் காப்பாற்றி வந்திருக்கிறார்கள். கோயில் காலியாகக் கிடந்தது கீழ்ப்படிதலால்! வேலூரில் உட்கார்ந்துகொண்டு அனல் அவிந்துபோயிற்று என்று சொல்கிறார்கள். இவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது.

ஆம்பூர்க் கரை ஏறுகிற இடத்தில் தேவசகாயம் தயங்கித் தயங்கிக் கேட்டார். "வந்ததே வந்தீங்க. ஒரு ஜெபம் பண்ணுங்களேன் ஐயா. நடந்துகினே கேக்கறோம்."

அன்று நாலு வார்த்தையில் ஜெபத்தை முடித்தவர், அடுத்த ஞாயிறு தயாராகவே போனார். சபையாரின் முகத்தைப் பார்த்துத்தானே பிரசங்கம் பண்ண வேண்டும்? அதனால் கூட்டத்துக்கு முன்னால் போய், அவர்களைப் பார்த்துத் திரும்பிக்கொண்டு, பின்னுக்கு நடந்தபடியே பேசிவந்தார். நான் கண்ணால் ஜாடை காட்டினேன், கவனிக்கவில்லை. குடிதண்ணீருக்குத் தோண்டியிருந்த ஊற்றுக்குழியில் இடுப்பளவு விழுந்தார். அத்தனை பேரும் சிரித்துக்கொண்டே ஓடிவந்து கைகொடுத்துத் தூக்கினார்கள்.

"மொகம் தெரிலன்னா பரவால்ல ஐயா," என்றாள் சாராள் அக்கா, அவர் வேட்டியைப் பிழிந்துவிட்டபடி. "முன்னால போவாதீங்க. எங்க கூடவே வாங்க."

அன்றிலிருந்து கூடவே நடந்தார். ஒரு நாள் ஒருவருடைய கூழ்ச்சட்டியை வாங்கிக்கொள்வார், ஒரு நாள் யாருடைய குழந்தையையாவது தோளில் போட்டுக்கொள்வார். ஒரு கீர்த்தனை, நடைக்குத் தக்க தாளத்தில். பிறகு வீட்டு வீட்டுக் கஷ்டம். காய்ச்சல், மருமகள் சண்டை, சுண்ணாம்பு தின்ற கால்விரல் எல்லாம் ஜெபத்தில் வரும். தோல் ஷாப்பு கேட்டுக்கு முன்னால் ஒரு கணம் நின்று ஆமென் சொல்லிவிட்டு உள்ளே போவார்கள். பக்கத்துத் தெருச் சனமும் சேர்ந்துகொண்டது. முதலில் ஞாயிறு மட்டும், பிறகு தினமும். நானும் பள்ளிக்கூடம் தொடங்கும்வரை நேரம் இருக்கிறதே என்று போனேன். எலுமிச்சை இலை எப்போது விட்டுப்போனது என்று எனக்கு நினைவில்லை.

திரும்பி வரும்போது வெயில் ஏறாத மணலில் நாங்கள் இருவர் மட்டும் வருவோம். ஒரு நாள் கேட்டேன், "இப்ப ஜெபம் வருதா?"

"முட்டி போட்டா ஒண்ணும் வரல. நடந்தா வருது. கூட யாரோ நடக்கறாப்ல இருக்குது," என்றார். கொஞ்ச தூரம் போய், "உன்னைச் சொல்லல" என்றார் சிரித்துக்கொண்டே.

வெறுங்காலோடு நடந்து அவர் காலில் கருவேல முள் ஏறிச் சீழ் வைத்துவிட்டது. தேவசகாயம் சாயபுவிடம் கேட்டு ஒரு துண்டுத் தோல் வாங்கித் தைத்துக் கொடுத்த செருப்புதான், போன வாரம் என் மடியில் இருந்தது.

அறுப்பின் பண்டிகை வந்தது, போனது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை, காட்பாடியில் வண்டியேறி விடியற்காலையில் ஐயர் ஆம்பூரில் இறங்கிவிட்டார், முன்கூட்டிச் சொல்லாமல். கோயில் சாவியை வாங்கவும் மணியைக் கழற்றவும் வந்தவர். ஆற்றைக் கடக்க மணலில் பாதி தூரம் வந்தபோது எதிரே பாடிக்கொண்டு ஒரு கூட்டம் வருகிறது. எந்தச் சபையார் என்று அவருக்குத் தெரியவில்லை. நடுவில் யாருடைய பிள்ளையையோ தூக்கிக்கொண்டு வருகிறவர் தன்னுடைய உபதேசியார் என்று தெரிய இன்னும் கொஞ்ச நேரம் ஆயிற்று. ஐயர் குடையை மடக்கிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, வந்த வழியே திரும்பி எங்களோடு நடந்தார்.

கேட்டுக்கு வந்தோம். அன்றைக்கு ஜெபம் நீண்டுவிட்டது. சாராள் அக்காவின் பெண்ணுக்கு நல்ல இடம் அமைய வேண்டும், ஒரு கிழவிக்குக் கண் தெரிய வேண்டும், இப்படி ஒன்றன்மேல் ஒன்று. காவல்காரர் காதர் பாய், கட்டித் தொங்கவிட்ட தண்டவாளத் துண்டுக்குப் பக்கத்தில் சுத்தியலைத் தூக்கிப் பிடித்தபடி நின்றிருந்தார். நேரம் ஆகிவிட்டது. அவர் அடிக்கவில்லை. உள்ளேயிருந்து யாரோ, "இன்னா பாய், தூங்கறியா?" என்று அதட்டினார்கள்.

"சும்மா இருய்யா. படைச்சவன்கிட்ட பேசிகினு இருக்காங்க, பாதியில அடிக்கறதா?" என்றார் பாய், கையை இறக்காமல்.

ஆமென் என்றோம். தண்டவாளம் கணீரென்று ஒலித்தது. எல்லாரும் உள்ளே ஓடினார்கள்.

ஐயர் அந்தச் சுத்தியலையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு எங்கள் வீட்டுக்காரரைப் பார்த்துச் சொன்னார்: "அந்த பாய் ஆமெனுக்குக் காத்துகிட்டு நிக்கிறாரு. நான் வந்து மணியைக் கழட்டிட்டுப் போறதா? உங்க சனத்துக்கு லீவு என்னைக்கு?"

வெள்ளிக்கிழமை என்று சொன்னோம். அந்த வெள்ளிக்கிழமையே மறுபடி வந்து, கோயிலைத் திறந்து இராப்போஜனம் கொடுத்தார். அன்று அந்த மணியை அடித்தது நான்தான். சாராள் அக்கா முழங்காலில் நின்று இரண்டு கையையும் நீட்டினாள். சுண்ணாம்பும் பட்டையும் ஏறிச் சிவந்து வெடித்த கை. எத்தனை தேய்த்தும் வாசனை போகவில்லை என்று காலையில் என்னிடம் வந்து அழுதிருந்தாள். ஐயர் அந்தக் கையைத் தன் கையால் தாங்கிப் பிடித்து அப்பத்தை வைத்தார்.

இப்போது அந்தச் சபை நன்றாக இருக்கிறது. கோயிலுக்கு மாடி உண்டு, மின்விசிறி உண்டு, ஒலிபெருக்கி உண்டு. ஷாப்பு லீவும் ஞாயிற்றுக்கிழமைக்கு மாறிவிட்டது, அன்றைக்கு உட்கார இடமிருக்காது. நிறைவாகத்தான் இருக்கிறது, குறை சொல்ல மாட்டேன். ஆற்றில் பாலம் வந்துவிட்டது, பஸ்ஸில் போய்விடுகிறார்கள். தோலைப் பதம் பண்ணுவதும் இப்போது மருந்துத் தண்ணீரில்தானாம், பட்டை இடிப்பவர்கள் இல்லை. இவரும் சாராள் அக்காவும் தேவசகாயமும் ஒருவர் பின் ஒருவராகப் போய்விட்டார்கள். காதர் பாய் அவர்களுக்கு முன்பே.

தண்டவாளம் இருந்த இடத்தில் மின்சாரச் சங்கு வைத்திருக்கிறார்கள். எங்கள் வீடுவரை கேட்கும். தினமும் அது ஊதுவதற்குள் ஜெபத்தை முடித்துவிடத்தான் பார்க்கிறேன். வயதாகிவிட்டது, சொல்ல வேண்டிய பெயர்களும் கூடிவிட்டன. பாதியில் ஊதிவிடுகிறது. அப்போது கண்ணை மூடியபடியே கொஞ்சம் நிறுத்திக்கொள்வேன். தூக்கிப் பிடித்த சுத்தியலோடு பாய் நிற்பது தெரியும். அவரைக் காக்க வைக்கக் கூடாதே என்று மீதியையும் சொல்லி முடித்து ஆமென் என்பேன்.