பக்கத்துத் தட்டில் வைத்த புள்ளி

நாற்பத்தாறு வயதில் முதல்முறையாக மறைமலைநகர் கம்பெனி பஸ்ஸில் ஏறினேன். அதுவரை எனக்குத் தெரிந்தது நடவும் களையெடுப்பும்தான். நாங்கள் நட்ட கழனியெல்லாம் பிளாட் ஆகிவிட்டது. கையெழுத்து மட்டும் போடத் தெரியும். ஆனால் என் வரிசை கோணல் என்று எந்த நிலக்காரரும் சொன்னதில்லை. அதை எங்கே வேண்டுமானாலும் சொல்வேன்.

இன்ஸ்பெக்‌ஷனில் போட்டார்கள். காருக்குப் போகும் ரப்பர் வளையத்தைத் திருப்பிப் பார்த்து, கிழிசல் இல்லாவிட்டால் பெயிண்ட் பேனாவால் ஒரு புள்ளி வைக்க வேண்டும். ஆளுக்கு ஒரு நிறம். எனக்குப் பச்சை. பக்கத்தில் உட்காரும் ஸ்டெல்லாவுக்கு மஞ்சள். அவள் புருஷன் இல்லாமல் இரண்டு பெண்களைப் படிக்கவைத்துக்கொண்டிருந்தாள்.

ஒரு அமாவாசை மதியம், தலைசுற்றுகிறது என்று ஸ்டெல்லா ஃபர்ஸ்ட் எய்டு ரூமுக்குப் போனாள். அவள் தட்டு பாதியில் நின்றது. நடவில் ஒருத்தி பின்தங்கினால் இரண்டு பக்கத்துக்காரிகளும் எட்டி அவள் பங்கையும் நட்டு, எல்லோரும் ஒன்றாக வரப்பு ஏறுவோம். அதற்கு யாரையும் கேட்பதில்லை. அந்தப் பழக்கத்தில் அவள் தட்டை இழுத்துப் பார்த்து, அவள் பேனாவாலேயே மஞ்சள் புள்ளி வைத்து முடித்தேன்.

"யக்கா, நீ இல்லன்னா நான் இன்னா ஆவேன்" என்றாள் திரும்பி வந்து. எனக்குப் பெருமையாக இருந்தது.

பத்து நாள் கழித்து கஸ்டமரிடமிருந்து ஒரு வளையம் திரும்பி வந்தது. உள்விளிம்பில் கிழிசல். மஞ்சள் புள்ளி.

சூப்பர்வைசர் அதை ஸ்டெல்லா முன்னால் வைத்தார். "கண்ண எங்க வச்சிகினு பாத்த? நாளைலேர்ந்து வராத."

அவர் பேட்ச் சீட்டின் தேதியையும் நேரத்தையும் படித்தார். அதே அமாவாசை மதியம். இந்த வேலையும் போனால் திரும்பிப் போக எனக்கும் கழனி இல்லை.

"சார், அது நான் பாத்தது."

"புள்ளி மஞ்சளா கீதே?"

"அவ பேனாவுல நான்தான் வச்சேன். அவ அப்ப ரூம்ல படுத்துகினு இருந்தா."

"இன்னாம்மா, இது நடவு கழனியா?"

"அப்டித்தான் சார் நெனச்சிட்டேன்."

லைனில் யாரோ சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. "இன்னும் எத்தினி போச்சோ, யாருக்குத் தெரியும்?"

"அந்த பேட்ச்ல மிச்சம் கீறத நானே திரும்பப் பாக்கறேன். அப்பால போவச் சொல்லு சார், போறேன்."

இரண்டு நாள் குடோனில் நின்றபடி பார்த்தேன். இன்னும் மூன்று கிழிசல் கிடைத்தது. மூன்றும் அன்று மதியம் அந்தத் தட்டில் நான் அவசரத்தில் பார்த்தவை. மறைக்காமல் அவர் மேசையில் கொண்டுபோய் வைத்தேன்.

மூன்றாம் நாள் ஸ்டெல்லா அவள் இடத்தில் இருந்தாள். சூப்பர்வைசர் என் பச்சைப் பேனாவை நீட்டினார். "ஒத்தாச பண்ணு, வேணான்னு சொல்லல. உன் கலர்ல வை."

அதன்பிறகு எங்கள் லைனில் இரண்டு நிறப் புள்ளியோடு தட்டுகள் போக ஆரம்பித்தன. "யக்கா, என் தட்டுல பச்சப் பயிரு மொளச்சிகினு கீது பாரு" என்று ஸ்டெல்லா கேலி செய்வாள். பதினாலு வருஷம் அந்தப் பேனாவோடு வேலை பார்த்தேன்.

பாதி வயதில் வேலை மாறுகிறவர்கள் பழைய கையை வீட்டில் விட்டுவிட்டுப் போக வேண்டாம். பக்கத்து வரிசைக்கு எட்டுங்கள். வைக்கிற புள்ளி மட்டும் உங்கள் நிறத்தில் இருக்கட்டும்.